இன்மை அறிக்கை

தபாலக்கா தன் மேஜை இழுப்பறையைக் காலி செய்கிற சத்தம் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. கத்தரிக்கோல், பசை டப்பா, ரப்பர் முத்திரைகள், மை வற்றிப்போன ஸ்டாம்ப் பேடு என்று ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். கண்காணிப்பாளர் ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை நான்காவது தடவையாகப் படித்தார். ஒன்றும் மண்டைக்குள் ஏறவில்லை. இன்று சாயங்காலத்தோடு அவள் வேலையை விட்டுப் போகிறாள். அவளை விடுவிக்கிற உத்தரவு அவர் கையெழுத்துக்காக எதிரே கிடந்தது. காலையிலிருந்தே அதன்மேல் பேப்பர் வெயிட்டைத் தூக்கி வைத்திருந்தார், என்னவோ காற்று வந்து அடித்துக்கொண்டு போய்விடும் என்பது மாதிரி. மின்விசிறியோ ஒரு வாரமாக ரிப்பேர்.

அலுவலகத்தில் அவருக்குப் பென்சில் சார் என்று பெயர். காதுபட யாரும் சொன்னதில்லை என்றாலும் அவருக்குத் தெரியும். உள்ளூரப் பிடிக்கவும் செய்தது. கையெழுத்துப் போடும் வருகைப் பதிவேடு இருந்த காலத்தில், காலை பத்தேகாலுக்கு அதை மூடி, வராதவர்களின் கட்டத்தில் சிவப்பு மையால் ஒரு சுழி போட வேண்டும் என்பது விதி. மற்றப் பிரிவுகளில் போட்டார்கள். இவர் மட்டும் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். பிந்தி வருகிறவர் அந்தப் புள்ளியின்மேலேயே கையெழுத்தைப் போட்டுவிடலாம். காதும் காதும் வைத்த மாதிரி காரியம் முடிந்துவிடும். நன்றி சொல்ல வருகிறவர்களைக் கையை ஆட்டி அனுப்பிவிட்டு, அன்று முழுவதும் அவர் கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பார்.

அந்தப் புள்ளிகளில் பாதிக்குமேல் தபாலக்காவுடையவை. பதினாறு வருட சர்வீஸ். அத்தனையும் தபால் அனுப்பும் மேஜையில். மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் கணவனுக்குப் பக்கவாதம் வந்து, ஒரு கையும் காலும் விளங்காமல் போயின. அவனைப் பார்த்துக்கொள்ள வருகிற அம்மாள் இன்னொரு வீட்டு வேலையை முடித்துவிட்டுப் பத்து மணிக்குத்தான் வந்து சேருவாள். அவளிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் பிடித்து ஓடிவந்தால் மணி பத்தரை. தபாலக்கா கேட்டதெல்லாம் அந்த அரை மணி நேரம். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஆறரை வரை இருந்து அதை ஈடுகட்டினாள், ஒருநாள்கூட ஏமாற்றியதில்லை. முறைப்படி எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கலாமா என்று ஒரு தரம் கேட்டாள். இவர்தான் தடுத்தார்.

"எழுத்துல எல்லாம் எதுக்கும்மா? எழுதினா நாலு பேர் நாலு கேள்வி கேப்பான். நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்."

போன வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அனுபவமுள்ள பணியாளர்கள் வேலையை விட்டுப் போவது கூடிக்கொண்டே வருகிறது. ஆகவே வீட்டுச் சூழ்நிலை காரணமாக வேலை நேரத்தை மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்களின் பட்டியலை அனுப்பவும். எவரும் இல்லையென்றால் இன்மை அறிக்கை அனுப்பவும். கண்காணிப்பாளர் இன்மை அறிக்கைக்குப் பேர்போனவர். உங்கள் பிரிவில் பாம்பு கடித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாலும் அன்று மத்தியானமே "இன்மை" என்று போய்விடும், பாம்பு கடித்திருந்தாலும். பட்டியல் அனுப்பினால் விவரம் கேட்பார்கள், விவரம் அனுப்பினால் விளக்கம் கேட்பார்கள். "இன்மை" என்று எழுதினால் கோப்பு மூடிவிடும்.

பழக்கதோஷம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்தச் சுற்றறிக்கையை அவர் படித்தார், அதுதான் இப்போது நெஞ்சை அறுத்தது. படித்தபோது அவள் முகம் நினைவுக்கு வரத்தான் செய்தது. அவள் பெயரை எழுதினால், இத்தனை நாள் அவள் எப்படிச் சமாளித்தாள் என்ற கேள்வி வரும். பதிவேட்டைக் கொண்டுவா என்பார்கள். புள்ளிகள் வெளியே வரும். அந்தப் பயம் ஒரு பக்கம். இன்னொன்றும் இருந்தது. அதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. விதியே அவளுக்கு அரை மணி நேரம் கொடுத்துவிட்டால், அப்புறம் இவர் தயவு எதற்கு?

நான்கே மாதத்தில் விரல் வைக்கிற மெஷின் வந்து வாசலில் உட்கார்ந்தது. அதனிடம் பென்சில் செல்லாது. மூன்று தாமதத்துக்கு அரை நாள் விடுப்பு போயிற்று. இருந்த விடுப்பெல்லாம் வறண்டபின் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அவள் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். அதைத் தூக்கிக்கொண்டு இவரே தலைமை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். மூன்றாவது நடையில் அங்கிருந்த எழுத்தர் இவருடைய கடிதத்தையே எடுத்துக் காட்டினார். "உங்க பிரிவுல யாருக்கும் தேவையில்லைன்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க. ஒதுக்கீடு முடிஞ்சுபோச்சு. இனிமே அடுத்த சுற்றுலதான்." திரும்பி வந்து, "மேலிடத்துல ஒத்துக்கலைம்மா" என்று மட்டும் அவளிடம் சொன்னார். அடுத்த சுற்றுவரை அவளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

நாலு மணிக்கு அவள் உள்ளே வந்தாள். அலமாரிச் சாவியையும் முத்திரைகளையும் மேஜைமேல் வரிசையாக வைத்தாள். கூடவே ஒரு கடிதம்.

"சாவி நாலு சார். ஸ்டாம்ப் எல்லாம் இருக்கு. இது இன்னைக்கு வந்த தபால். அஞ்சு மணிக்குள்ள பதில் கேட்டிருக்காங்க."

அவர் கடிதத்தைப் பார்க்கவில்லை. "உக்காரும்மா" என்றார். அவள் உட்காரவில்லை.

"வீட்ல எப்படி இருக்கார்?"

"அப்படியேதான் சார். இனிமே நான் கூடவே இருப்பேன்ல. வீட்லேர்ந்தே டைப் அடிச்சுத் தர்ற வேலை ஒண்ணு கெடைச்சிருக்கு."

"இன்னும் நாலு வருஷம் தள்ளியிருந்தா பென்ஷனோட போயிருக்கலாம்."

"நாலு வருஷம் இல்ல சார். மூணு வருஷம் பத்து மாசம்."

அவர் தொண்டையைச் செருமினார். காலையிலிருந்து வாய் வரைக்கும் வந்து வந்து திரும்பிய வார்த்தை. "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. போன வருஷம் ஒரு லெட்டர் வந்துது. அதுக்கு நான்..."

"இன்மைன்னு எழுதினீங்க. தெரியும் சார்."

அவர் கை பேப்பர் வெயிட்டின்மேல் போயிற்று.

"நான்தானே சார் கவர்ல போட்டு ஒட்டினேன். படிக்காம எந்தத் தபாலுக்கும் நம்பர் போட மாட்டேன், ஆரம்பத்துலேர்ந்தே அப்படிப் பழக்கம்."

"அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

அவள் மேஜைமேல் கோணலாக இருந்த சாவி ஒன்றை நேராக்கினாள். "கவரைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன் சார். பாத்துக்கறேன்னு சொன்னவர்கிட்ட போய் இதைக் கேட்டா, உங்களை நம்பலைன்னு ஆயிடும்ல. சங்கடப்படுவீங்களேன்னு ஒட்டிட்டேன். எனக்கும் அது ஒண்ணுதான் சார் வருத்தம். என் வேலையை நானே என் கையால ஒட்டி அனுப்பியிருக்கேன்."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தார். எழுத்தில் எத்தனையோ முறை வருத்தம் தெரிவித்த மனிதருக்கு வாயால் எப்படித் தெரிவிப்பது என்று தெரியவில்லை. பேப்பர் வெயிட்டை எடுத்துவிட்டு உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அவள் அதை இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"வரேன் சார். உடம்பைப் பாத்துக்கங்க."

வாசலில் நின்று பழக்கத்தில் விரலை வைத்தாள். நன்றி என்றது மெஷின். அவள் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போவதை அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் கடிதத்தைப் பிரித்தார். தலைமை அலுவலகம். வேலை நேரம் ஒத்துவராத காரணத்தால் இவ்வாண்டு பணியை விட்டு விலகியவர்களின் எண்ணிக்கை. அதைத் தவிர்த்திருக்க முடியுமா என்ற விவரம். எவரும் இல்லையெனில் இன்மை அறிக்கை. மணி நாலு இருபது. இதை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தபோது அவள் படிக்காமலா வைத்திருப்பாள்?

இழுப்பறையிலிருந்து பென்சிலை எடுத்தார். எண்ணிக்கை என்ற கட்டத்தில் "ஒன்று" என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் வெகுநேரம் கை நின்றது. பிறகு, "முடியும். போன வருடம் நான் அனுப்பிய இன்மை அறிக்கை தவறானது" என்று எழுதினார். பென்சில் எழுத்து காகிதத்தில் மங்கலாக, ஓர் அழிப்பானுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தபால் மேஜை துடைத்து வைத்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரே ஒரு கவர், தலைமை அலுவலக விலாசம் எழுதி, ஒட்டாமல். அவள் கையெழுத்து. அவர் எழுந்துபோய் அதை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். பேனாவின் மூடியைக் கழற்றினார். முனையை முதல் எழுத்தின்மேல் கொண்டுபோய், புள்ளியின்மேல் அவள் கையெழுத்துப் போடுவாளே, அப்படி வைத்தார்.