நாங்க என்றால் யார்?

ஸப்ரி கராம்பு மரத்திலிருந்து விழுந்த பிறகுதான் நிஷ்மியாவைச் சொந்தக்காரர்கள் புகழத் தொடங்கினார்கள். பலாபத்வலப் பக்கம் ஒரு கார்மென்ட் தையல் ஆலையில் லைன் லீடராக இருந்த காலத்தில், மெஷின் சத்தத்துக்கு மேலாகத் தொண்டை கிழியக் கத்தி வேலை வாங்கியவள் அவள். அப்போதெல்லாம், "பொம்பளைக்கு இவ்வளவு வாய் ஆகாது" என்றார்கள். வேலையை விட்டுவிட்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போன புருசனின் கட்டிலோடு கிடக்கத் தொடங்கியதும் அவள் பொறுமையான பிள்ளை ஆகிவிட்டாள்.

பொறுமை அவளிடம் இருக்கவில்லை. அது ஸப்ரிக்கு மட்டும் தெரியும். விடியுமுன் எழும்பி அவனுடைய மூத்திரப் பையை மாற்றுவாள். துணி மாற்றுவாள், துடைப்பாள், முதுகில் புண் வருகிறதா என்று டோர்ச் அடித்துப் பார்ப்பாள். ஒரே பக்கம் கிடந்தால் புண் வந்துவிடும் என்பதால் பகலும் இரவும் அவனைப் புரட்டிப் புரட்டிப் போட வேண்டும். அவனோ நல்ல கனம். அவளுடைய இடுப்பும் எப்போதோ போய்விட்டது. எல்லாவற்றையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தாள். அன்பு இல்லாமல் இல்லை. அன்பு இருந்தால் இடுப்பு வலிக்காது என்று நினைக்கிறவர்கள் மீதுதான் அவளுக்கு ஆத்திரம்.

மரம் ஸப்ரியின் மூத்த சகோதரர் இத்ரூஸுடையது. இரத்தோட்டையில் கராம்புத் தோட்டமும் மாத்தளை டவுனில் சரக்குக் கடையும் உள்ளவர். கராம்பு பறிக்கிற ஆள் வராத ஒரு நாளில், "நீ கொஞ்சம் ஏறன் தம்பி" என்றார். ஸப்ரி ஏறினான். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் அவர்தான் பார்த்தார். அதன் பிறகு பெருநாளைக்கு வருவார். அறைக்குள் வராமல் வாசலில் நின்றபடி, "எப்படி இருக்கான்?" என்று கேட்பார். "உனக்கு அல்லாஹ்ட நன்மை நிறைய இருக்கு" என்று நிஷ்மியாவிடம் சொல்லிவிட்டுப் போவார்.

நாட்டின் புதிய அரசியல் யாப்பில், அதாவது அரசியலமைப்புச் சட்டத்தில், என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்று பொதுமக்களிடம் கேட்க ஒரு குழு டவுனுக்கு வருகிறது என்ற செய்தியை ஸப்ரிதான் போனில் பார்த்தான்.

"நீ போய்ப் பேசு," என்றான்.

"என்னத்தப் பேச?"

"தெனம் என்னைப் புரட்டும்போது பேசுறியே, அதத்தான். ஆஸ்பத்திரியில நர்ஸ் செஞ்சா வேலை, சம்பளம், லீவு. அதையே நீ செஞ்சா கடமைன்னு சொல்வியே. அத அங்க போய்ச் சொல்லு."

அவள் இத்ரூஸுக்குப் போன் எடுத்தாள். ஸப்ரியைப் போல அவளும் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவாள். "நானா, நாளைக்குக் காலையில கொஞ்ச நேரம் இவரோட இருக்க ஏலுமா? ஒரு கூட்டத்துக்குப் போகணும்."

"யாப்புக் கூட்டத்துக்கா? நானும் அங்கதானே போறேன், வியாபாரிகள் சங்கத்து சார்பாப் பேச. நீ என்னத்துக்கு? நாங்க இருக்கம்தானே."

அவருடைய மனைவி றஸ்மியாவுக்கும் வரத் தோதில்லை, வீட்டில் விருந்தாளிகள். வேறு யாரைக் கேட்பது? மறுநாள் பக்கத்து வீட்டு ஷிஹாமின் த்ரீவீலில் ஸப்ரியை ஏற்றி, வீல் செயாரைப் பின்னால் கட்டிக்கொண்டு அவளே கூட்டத்துக்குப் போனாள்.

மண்டபத்தில் வாசலோரமாகத்தான் வீல் செயாருக்கு இடம் இருந்தது. பக்கத்தில் திரேசம்மா என்ற ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவள். அவளுடைய சாறித் தலைப்பைப் பிடித்தபடி வளர்ந்த மகன் ஒருவன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஸப்ரியைப் பார்த்துவிட்டு நிஷ்மியாவைப் பார்த்தாள். "ஒங்களுக்கும் விட்டுட்டு வர ஆள் இல்லையா?" என்று கேட்டாள். நிஷ்மியா தலையசைத்தாள்.

முதலில் வரி பற்றிப் பேசினார்கள், காணி பற்றிப் பேசினார்கள். பிறகு இத்ரூஸ் மைக்கைப் பிடித்தார். வெள்ளைச் சட்டை, கணீரென்ற குரல். வியாபாரிகளின் குறைகளை வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கடைசியா ஒண்டு. குடும்ப விசயத்துல அரசாங்கம் கை வைக்கத் தேவையில்ல. நோயாளிகளையும் வயசானவங்களையும் வீட்டுல வெச்சுப் பார்க்கிறது எங்கட வழக்கம். என்ட சொந்தத் தம்பி மரத்துலருந்து விழுந்து படுக்கையில கிடக்கிறான். நாங்க யாருட்டயாவது கை நீட்டினமா? நாங்களே பாத்துக்கிறம். கண்ணப் போலப் பாத்துக்கிறம்."

மண்டபம் கை தட்டியது. அவர் வாசல் பக்கம் பார்க்கவே இல்லை. தம்பி அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது.

முதல் நாள் ராத்திரி துவைத்த படுக்கைத் துணியின் வாடை இன்னும் நிஷ்மியாவின் கையில் இருந்தது. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தாள்.

அவளைக் கூப்பிட்டபோது எழும்பி நடந்தாள். மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"என் பேர் நிஷ்மியா. இப்பப் பேசினாரே இத்ரூஸ் ஹாஜியார், அவர் சொன்ன தம்பி அந்தா வாசல்ல இருக்கிறார். நான் அவர்ட மனுசி. 'நாங்க பாத்துக்கிறம்'னு சொன்னார். அந்த நாங்கவுல அவர் இல்ல. இத்தன வருசத்துல தம்பிய ஒருக்காப் புரட்டிப் போட்டதில்ல. அந்த நாங்க நான் ஒருத்திதான்."

மண்டபத்தில் கதிரைகள் கிறீச்சிட்டன. எல்லோரும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். குழுவின் தலைவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் குனிந்து அவருக்குச் சிங்களத்தில் சொன்னார்: "இந்தச் சகோதரி தன் கணவரைப் பராமரிக்க உதவி செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறார்."

"நான் வேண்டிக்கொள்ளல்ல!" என்றாள் நிஷ்மியா, சிங்களத்திலேயே. கார்மென்டில் கத்திப் பழகிய சிங்களம் அது. "தாழ்மையும் இல்ல. நான் சொன்னதை நானே சொல்றேன்." சொன்னதையெல்லாம் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

தலைவர் கையை உயர்த்தினார். "கோபப்படாதீர்கள் தங்கச்சி. குடும்பத்தை அரசு ஏற்றுப் பாதுகாக்க வேண்டும் என்று யாப்பில் இப்போதே இருக்கிறது. அதற்குள் நீங்களும் அடக்கம்தானே?"

"எங்க சேர் அடக்கம்? குடும்பம்னு எழுதி வெச்சா அதுல பெரிய மனுசர் வந்து மைக்கப் பிடிப்பார். பாத்துக்கிற ஆளுன்னு எழுதுங்க. பாத்துக்கிறது ஒரு வேலைன்னு எழுதுங்க. அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தா மாத்தாள் அனுப்பணும், வயசு போனா பென்ஷன் குடுக்கணும், அது அரசாங்கத்துட கடமைன்னு எழுதுங்க. எழுதினாத்தான் நாளைக்கு நான் வழக்குப் போட ஏலும். நன்மை கிடைக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. கிடைக்கட்டும். அத வெச்சு நான் எந்தக் கோட்டுக்குப் போறது?"

நேரம் முடிந்தது என்று மணி அடித்துவிட்டார்கள். யாரும் கை தட்டவில்லை. அவள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது திரேசம்மா அவளுடைய கையைப் பிடித்து அழுத்தினாள். "எனக்கு மைக்கப் புடிச்சா அழுக வந்துரும்னு பயந்துகிட்டே இருந்தேன்," என்றாள். "நீங்க போட்டீங்களே ஒரு சத்தம்!" திரேசம்மாவின் பெயரைக் கூப்பிட்டபோது மகனையும் இழுத்துக்கொண்டுதான் முன்னால் போனாள். சொன்னபடியே அழுதாள். அழுதுகொண்டே பேசி முடித்தாள்.

வெளியே, த்ரீவீலுக்குப் பக்கத்தில் இத்ரூஸ் காத்திருந்தார். முகம் கறுத்திருந்தது.

"குடும்ப மானத்தச் சந்தியில கொண்டு வந்து போட்டிட்டாய். என்னட்டத் தனியாச் சொல்லியிருக்கலாமே!"

"நேத்துத் தனியாத்தானே நானா கேட்டேன்? கொஞ்ச நேரம் இருங்கன்னு. 'நாங்க இருக்கம்'னு சொன்னீங்க."

"நான் ஒங்களுக்குச் செஞ்சது கொஞ்சமா? நன்றி வேணும்!" சந்தியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீல் செயாரில் இருந்தபடி ஸப்ரி சொன்னான். "நானா, மானம் போறது என்னண்டு எனக்குத்தான் தெரியும். இவ எனக்குத் துணி மாத்துற நேரமெல்லாம் போகுது. ஒங்களுக்கு இன்னைக்கு ஒருக்காத்தான் போயிருக்கு."

இத்ரூஸ் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது நிஷ்மியா சண்டைக்குத் தயாராகவே நின்றாள். அவரோ செருப்பைக் கழற்றிவிட்டு, "என்ன செய்யணும், சொல்லு" என்றார்.

"குளிப்பாட்டணும்," என்றாள்.

அவருக்கு எங்கே பிடிப்பதென்று தெரியவில்லை. தம்பியின் தலையைக் கட்டில் சட்டத்தில் இடித்துவிட்டார். தண்ணீரைத் தரையெல்லாம் ஊற்றினார். புரட்டியபோது முதுகுக்குக் கீழே இருந்த புண்ணின் தழும்பைக் கண்டுவிட்டு, பிடித்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார். "எனக்குத் தெரியாதுடா," என்றார். ஸப்ரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிஷ்மியா மற்ற அறையில் பாயை விரித்துத் தூங்கிவிட்டாள். பகலில் தூங்கியது எப்போது என்று அவளுக்கு நினைவில்லை.

அதற்கடுத்த வெள்ளியும் வந்தார். இந்த முறை தலையை இடிக்கவில்லை. மூன்றாவது வெள்ளி போன் வந்தது. கடையில் சாமான் இறங்குகிறதாம், அடுத்த கிழமை பார்ப்போமாம். அடுத்த கிழமை போனும் வரவில்லை.

நிஷ்மியா தண்ணீர் சுட வைத்துக்கொண்டு வந்தாள். வாளியை வைத்த வேகத்தில் பாதித் தண்ணீர் சிந்தியது.

"நானா கெட்ட மனுசன் இல்ல," என்றான் ஸப்ரி மெதுவாக.

"எனக்கும் தெரியும். கெட்டவரா இருந்தா எனக்கு லேசு, எதிர்பார்க்கத் தேவையில்ல. நல்ல மனுசருக்கு எப்ப மனசு வரும், எப்பப் போகும்னு வாசலப் பார்த்துக்கிட்டு இருக்க என்னால ஏலாது. இரண்டு வெள்ளி தூங்கிட்டேன். மூணாவது வெள்ளியும் தூங்கலாம்னு நெனச்சேன் பாருங்க, அந்த நெனப்புத்தான் என்னைக் கொல்லுது. அதுக்குத்தான் சட்டத்துல எழுதச் சொன்னேன்."

குழுவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவள் பேசியதை எழுதிக்கொண்டார்களா, எழுதியவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதுகூட யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்கு முதல் நாள் திரேசம்மா அவளுக்குப் போன் எடுத்திருந்தாள். அதே குழு தம்புள்ளைக்கு வருகிறதாம். தோட்டத்திலிருந்து இன்னும் நாலைந்து பேர் கிளம்புகிறார்கள், ஒரு வேன் பேசியிருக்கிறோம், வீல் செயாருக்கும் இடம் இருக்கும் என்றாள்.

"தம்புள்ளைக்குப் போவமா?" என்று கேட்டான் ஸப்ரி.

"நான் போறேன். நீங்க வராம எப்படிப் போறது?"

"இந்த முறை நான் பேசுறேன்."

சோப்புக் கையோடு அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன பேசுவீங்க?"

"எனக்கு ஒண்டும் வேணாம், இவளுக்கு லீவு குடுங்கன்னு கேட்பேன். லீவுல இவ எங்க போவான்னு கேட்டாங்கன்னா, அது ஒங்களுக்கு என்னத்துக்குன்னு கேட்பேன்."

நிஷ்மியாவின் முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது.

"சத்தமாக் கேளுங்க," என்று சொல்லிவிட்டு, அவனுடைய தோளுக்கடியில் கையைக் கொடுத்து மறுபக்கம் புரட்டினாள்.