பாலம் வரைக்கும்

கண் டாக்டர் சொன்னது சுருக்கம்தான். முன்னால் இருப்பது தெரிகிறது, பக்கவாட்டில் இருப்பது தெரியவில்லை, இனி கார் ஓட்டக் கூடாது. வெய்க்கோ தலையாட்டிவிட்டு வெளியே வந்தான். கார் சாவியை எடுத்து மனைவி காரினாவின் கைப்பைக்குள் போட்டான். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இருவரும் பஸ்ஸில் வீடு திரும்பினார்கள்.

வடகோடிப் பனிநாட்டின் ஔலு நகரப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சமைத்து அனுப்பும் சமையற்கூடத்தில் கஞ்சி காய்ச்சுகிறவள் காரினா. ஆறு மணிக்குக் கொப்பரையில் தண்ணீர் கொதித்தாக வேண்டும். வீட்டிலிருந்து அங்கே ஒன்பது கிலோமீட்டர். முதல் பஸ்ஸோ ஆறேகாலுக்குத்தான். பத்தொன்பது வருஷமாக வெய்க்கோ அவளைக் காரில் கொண்டுபோய் விட்டான். காகித ஆலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் அதை விடவில்லை. அந்தக் கால் மணி நேரத்தில் இருவரும் பேசுவது மிஞ்சிப்போனால் ஐந்தாறு சொல்.

"குளிருது."

"ம்."

"இன்னிக்கு பார்லியா?"

"ஓட்ஸ்."

இருந்தாலும், ஒரு நாளில் உனக்குப் பிடித்த நேரம் எது என்று யாராவது கேட்டிருந்தால் வெய்க்கோ அதைத்தான் சொல்லியிருப்பான். அந்த ஊரில் அப்படியெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள்.

பஸ்ஸில் வரும்போதே காரினா முடிவு செய்துவிட்டாள். "பேட்டரி சைக்கிள் ஒண்ணு வாங்கிக்கறேன். இந்த ஊருல பனியில சைக்கிள் ஓட்டாதவங்க யாரு?"

"மைனஸ் இருபத்தஞ்சுலயா?"

"மைனஸ் இருபத்தஞ்சுல பனி கெட்டியா இருக்கும். ஜீரோவுலதான் வழுக்கும். உனக்குத் தெரியாதாக்கும்!"

அவளுடைய கவலை ஆறு மணி. அவனுடைய கவலை வேறு. இனிமேல் அவளுடைய காலையில் தனக்கு என்ன வேலை? வாய்விட்டுக் கேட்கிற கேள்வியா அது? கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டான்.

மெர்வி என்பவளின் சைக்கிள் கடைக்கு நான்கு முறை போனான். நான்காவது முறை காரினாவையும் அழைத்துப் போனான்.

"மறுபடியுமா?" என்றாள் மெர்வி.

"ஒரே ஒரு கேள்விதான்."

"போன தடவையும் ஒண்ணுன்னுதான் ஆரம்பிச்சீங்க. பதினாலுல வந்து நின்னுது. சரி, கேளுங்க. முன் சக்கரத்துல மோட்டார் வச்சது விலை குறைச்சல், அதைப் பார்க்கலாமா?"

"வேணாம். ஐஸ்ல முன் சக்கரம் தன்பாட்டுக்குச் சுத்தும், இவ கீழ கிடப்பா. மிதிகட்டைகிட்ட மோட்டார் இருக்கணும். செயினுக்குப் பதிலா பெல்ட். வழுக்காம இருக்க ரெண்டு டயர்லயும் ஆணி. பேட்டரியைக் கழட்டி உள்ள கொண்டுபோக முடியணும்." நோட்டில் ஒவ்வொன்றாக டிக் அடித்தான். பிறகு மண்டியிட்டு மோட்டார்மேல் காதை வைத்தான். "சக்கரத்தைச் சுத்து."

காரினா மெர்வியிடம் திரும்பினாள். "என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடிகூட இந்த மனுஷன் இவ்வளவு யோசிக்கலை."

"உன்கூட விவரத்தாள் எதுவும் குடுக்கலையே," என்றான் வெய்க்கோ, காதை எடுக்காமலே.

கார் விற்ற காசில் சைக்கிள் வந்தது. நவம்பரில் பனியும் வந்தது. ஆணி டயர்கள் பனியில் நறநறவென்று கடிக்க, கைப்பிடிகளில் மாட்டிய கம்பளி உறைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு, காரினா ஐந்து இருபதுக்குக் கிளம்பினால் ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடுவாள். ஒரு நாளும் தாமதமில்லை. வெய்க்கோ வாசலில் நின்று பார்ப்பான். வேலியைத் தாண்டியதும் சிவப்பு விளக்கு மறைந்துவிடும்.

அவனுக்கு மிஞ்சிய வேலை பேட்டரிதான். குளிரில் கிடந்தால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும் என்று மெர்வி சொல்லியிருந்தாள். வீட்டுக்குள் வை, ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே, ஓரமாக வை என்றாள். வெய்க்கோ தெர்மாமீட்டரும் கையுமாக ஒவ்வொரு அறையாக அளந்து கடைசியில் சவுனாவைத் தேர்ந்தெடுத்தான். வாரத்தில் ஆறு நாள் அந்த வெந்நீராவிக் குளியலறை எந்த வீட்டிலும் சாமான் அறைதான். ஒருவர் துணி காயப்போடுவார், ஒருவர் அட்டைப்பெட்டி அடுக்குவார். இவர்கள் சவுனாவில் எப்போதும் பதினெட்டு டிகிரி. மரப்பலகையின் கீழ்ப்படியில் பேட்டரி சௌகரியமாக உட்கார்ந்தது. மறுநாள் குளியல் என்பதால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் அதை எடுத்து அலமாரியில் வைத்துவிடுவான்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மறந்துபோனான்.

மறுநாள் சனி. சாயங்காலம் நான்கு மணிக்கு, நாற்பது வருஷப் பழக்கத்தில், கை தானாகப் போய் சவுனா அடுப்பின் குமிழைத் திருகியது. அடுப்பு நேரெதிரே, தெரிந்தது. பலகை இடப்பக்கம், தெரியவில்லை. அரை மணி நேரம் கழித்துக் காரினா துண்டைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் வாளியும் அகப்பையுமாகக் கதவைத் திறந்தாள்.

"வெய்க்கோ! நமக்கு முன்னாடியே ஒரு விருந்தாளி வந்து வேர்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான்!"

சொல்லிக்கொண்டே அடுப்பை அணைத்தாள். ரொட்டி அடுப்புக் கையுறைகளை மாட்டி, பேட்டரியைத் தூக்கிக்கொண்டு, துண்டோடும் வெறுங்காலோடும் பனியில் ஓடி, தீப்பிடித்தாலும் வீட்டுக்கு எட்டாதபடி சுவரிலிருந்து தள்ளி ஒரு கருங்கல்மேல் வைத்துவிட்டு வந்தாள். வெய்க்கோ மெர்விக்குப் போன் செய்தான்.

"எங்க வச்சீங்க? சவுனாவுலயா?" என்றாள் மெர்வி. "இனிமே அதை சார்ஜ் போடாதீங்க, மாட்டவும் மாட்டாதீங்க. புதுசு வியாழக்கிழமை வரும்."

வெய்க்கோ சமையலறை மேஜையில் உட்கார்ந்தான். ஒரே ஒரு வேலை இருந்தது, அதையும் கெடுத்தாகிவிட்டது. காரினா கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவளோ இருட்டில் கார்க்காரர்களுக்குத் தெரிவதற்காகக் கோட்டில் தொங்கவிட்டிருந்த மின்னும் ஒளிவில்லையைக் கழற்றி, திருகும் முன் பேட்டரி ஞாபகம் வரட்டும் என்று அடுப்புக் குமிழில் அவன் கண்ணுக்கு நேராகக் கட்டினாள். பிறகு, "இப்ப சூடு பண்ணு. சனிக்கிழமை வீணாப் போக வேணாம்," என்றாள்.

திங்கட்கிழமை. இருபத்தேழு கிலோ சைக்கிள், மோட்டார் இல்லாமல். காரினா அரை மணி முன்னதாகவே கிளம்பத் தயாரானாள். பேட்டரி இல்லையென்றால் அதன் விளக்கும் எரியாது. வெய்க்கோ தன் பழைய சைக்கிளின் சிவப்பு விளக்கைக் கழற்றி அவள் சைக்கிளில் பொருத்தினான். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டான்.

"நீ எங்க கிளம்பறே?"

"கூட வர்றேன்."

"கண்ணு?"

"நேரா இருக்கிறது நல்லாத் தெரியுது. உன் விளக்கு நேராத்தான் இருக்கும். இந்த சைக்கிள் பாதையில காரும் வராது."

காரினா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "பின்னாலயே வா, கிழவா. வந்து முட்டினே, இங்கேயே பனியில புதைச்சுட்டுப் போயிடுவேன்."

விளக்குக் கம்பங்களின் மஞ்சள் வெளிச்சத்தில், வழித்து வைத்த பனிப்பாதையில், சிவப்புப் புள்ளி முன்னால் போனது. வெய்க்கோ அதைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் காரினாவுக்கு மூச்சு வாங்கியது, இறங்கினாள். அவனும் தன் சைக்கிளைப் பாலத்துக் கம்பியில் சாய்த்துவிட்டு வந்தான். கைப்பிடிக்கு ஒருவராக அந்த இருபத்தேழு கிலோவையும் உச்சிவரை தள்ளினார்கள்.

"குளிருது," என்றாள் அவள்.

"ம். இன்னிக்கு பார்லியா?"

"ரவை."

அங்கிருந்து இறக்கம். இனித் தானே போய்க்கொள்வதாகச் சொல்லி ஏறிக்கொண்டாள். செவ்வாய், புதன், வியாழன், அப்படியேதான். நான்கு நாளும் ஆறு மணிக்குக் கொப்பரை கொதித்தது.

வியாழன் மாலை புது பேட்டரி வந்தது. வெள்ளிக்கிழமை காலை வெய்க்கோ காபி போட்டான், அலமாரியிலிருந்து பேட்டரியை எடுத்துச் சைக்கிளில் மாட்டினான். சொடக்கென்று உட்கார்ந்தது. வேலை சுத்தமாக முடிந்தது. கைகளைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"தொப்பி எங்கே?" என்றாள் காரினா.

"எதுக்கு?"

"பாலம் வரைக்கும் வெறுந்தலையோடவா வரப்போறே?"

"அதான் மோட்டார் வந்தாச்சே. நீ பறந்துடுவே, நான் எங்க பிடிக்கிறது?"

அவள் கம்பளி உறைகளுக்குள் கைகளை நுழைத்துக்கொண்டாள். அவன் தொப்பியை எடுத்து வந்தான்.

சிவப்பு விளக்கு பறக்கவில்லை. நேற்றுப் போன வேகத்திலேயே போனது. வெய்க்கோ காதைத் தீட்டிக்கொண்டான். சத்தமே வராத மோட்டாராகப் பார்த்துப் பொறுக்கியவன் அவன்தான். ஆனாலும் முப்பத்துநான்கு வருஷம் எந்திரங்களோடு குடித்தனம் நடத்திய காது அது. ஆணிகள் பனியைக் கடிக்கும் சத்தம், காரினாவின் மூச்சு, இரண்டுதான் கேட்டன. மோட்டாரை அவள் போடவேயில்லை.

பாலத்தின் உச்சியில் இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள்.

"ஓட்ஸா?"

"ஓட்ஸ். பார்த்து வீட்டுக்குப் போ. விளக்குக் கம்பத்தைப் பார்த்துக்கிட்டே போ." காரினா கைப்பிடியில் ஒரு பொத்தானை அழுத்தினாள். "திங்கக்கிழமை அஞ்சு மணிக்கு. லேட்டா வந்தேன்னா காத்திருக்க மாட்டேன்."

மோட்டார் மெல்ல முனகியது. சிவப்புப் புள்ளி இறக்கத்தில் சரசரவென்று சிறுத்துக்கொண்டே போய், ஆற்றங்கரை மரங்களுக்குள் மறைந்தது. வெய்க்கோ தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு சைக்கிளைத் திருப்பினான். திங்கட்கிழமைக்குள் தன் சைக்கிளின் பின் சக்கரத்துக்கும் ஆணி டயர் ஒன்று வாங்கிவிட வேண்டும். அதற்கு மெர்வியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது.