நாலு விரல் உயரம்

தென்காசிப் பக்கத்தில் பிக்கப் வண்டி வைத்திருப்பவன் பட்டறைக்கு வந்தால் கேட்பது ஒன்றுதான். பின்சக்கர அச்சின் மேல் அடுக்கடுக்காக வளைந்து பாரம் தாங்குகிற இரும்புப் பட்டைகளோடு இன்னும் இரண்டு சேர்த்துப் போடு என்பான். வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். தணித்துக் கொடு என்று ஆவுடைநாயகத்தின் பட்டறைக்கு வந்த முதல் ஆள் சுடலைமுத்து. அதுவும் சக்கர நாற்காலியில் வந்தான்.

அவனுடைய பிக்கப்புக்கு முன்பு அதிகப்படிப் பட்டை போடச் சொன்னவனும் அவனேதான். அப்போது ஓட்டுவதற்கு ஆள் வைத்துக்கொண்டு, தானே எலுமிச்சை மூட்டை ஏற்றுகிற லோடுமேனாக இருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன் லோடு மேலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. மனைவி உலகம்மை வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். குற்றால சீசனுக்கு வண்டியின் பின்தளத்திலேயே பழக்கடை, அவள் ஓட்டுவது, அவன் மேலே உட்கார்ந்து விற்பது என்று முடிவாயிற்று.

ஏறுவதில்தான் சிக்கல். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் அவனைக் கையும் காலுமாகப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள். ஆயுசு முழுக்க மூட்டை தூக்கியவனுக்கு, மூட்டையாக இருப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நானா ஏறுனா சீசனுக்கு வாரேன். இல்லன்னா நீ மட்டும் போ," என்று உலகம்மையிடம் சொல்லிவிட்டான்.

நாற்காலியிலிருந்து, கூடவே கொண்டுவந்திருந்த மரப்பெஞ்சுக்கு அவனாகவே மாறிவிடுவான். பெஞ்சில் கைகளை ஊன்றி எம்பினால் எட்டுகிற உயரத்துக்கு ஒரு குச்சி வெட்டி வைத்திருந்தான். வண்டித் தளம் அதைவிட நாலு விரல் உயரம். பட்டைகள் தேய்ந்து, ஒன்றில் விரிசலே விட்டிருந்தும் அந்த உயரம்.

மதியத்துக்குள் பழைய பட்டைகளைக் கழற்றி, எண்ணிக்கை குறைத்துப் புதுப் பட்டைகள் ஏறிவிட்டன. சுடலைமுத்து குச்சியை நிறுத்திப் பார்த்தான். இன்னும் இரண்டு விரல். குனிந்து பட்டைகளை எண்ணினான்.

"அஞ்சுதானவே சொன்னேன்? ஆறு இருக்கே."

"ஒண்ணு சும்மா சேத்துருக்கேன் அண்ணாச்சி. சீசன்ல லோடு ஏத்துவீய, தாங்கணும்லா," என்றார் ஆவுடைநாயகம். ஒரு பட்டையைக் கூடப் போடுவதுதான் அவருக்குத் தெரிந்த பிரியம்.

"கழத்தும்."

"வண்டி ரொம்ப உக்காந்துரும்."

"உக்காரட்டும். நானும் உக்காந்துதான இருக்கேன்."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். வெளியே சாரல் விழ ஆரம்பித்தது. மறுபடி குச்சி. இன்னும் ஒரு விரல்.

சுடலைமுத்து பெஞ்சுக்கு மாறி, கைகளை ஊன்றி எம்பினான். தளத்தின் விளிம்பு முதுகை உரசியதுதான் மிச்சம். இரண்டாம் தடவையும் வழுக்கி பெஞ்சிலேயே விழுந்தான். மூன்றாம் தடவை பாதி எம்பும்போதே கை மடங்கிவிட்டது. உலகம்மைக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு கை குடுக்கேனே."

"தொடாதட்டி!"

"இன்னும் ஒண்ண எடுத்தா அச்சு வண்டி அடியில இடிக்கும் அண்ணாச்சி. இதுக்கு மேல என்னால ஆகாது," என்றார் ஆவுடைநாயகம்.

சுடலைமுத்துவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பினான். பட்டறைச் சுவரோரம், காலையில் வேலைக்காக இறக்கிய பலாவும் மங்குஸ்தான் கூடைகளும் அடுக்கியிருந்தன. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது ஏன் இன்னும் கீழ கெடக்கு?"

"நீங்க ஏறுன பொறவு ஏத்தலாம்னுதான்," என்றாள் உலகம்மை.

"எந்த லோடுமேன்ட்டி மொதல்ல ஏறிருக்கான்? லோடு ஏறி முடிஞ்சாத்தான் அவன் ஏறணும். ஏத்து."

அவளுக்குச் சட்டென்று விளங்கியது. பலாப்பழங்களையும் கூடைகளையும் ஆவுடைநாயகம் எடுத்துக் கொடுக்க, அவள் மேலே நின்று அடுக்கினாள். பாரம் ஏற ஏறப் புதுப் பட்டைகள் முனகிக்கொண்டே வளைந்தன. கடைசிக் கூடை ஏறியதும் அவள் கீழே குதித்து, தானே குச்சியை நிறுத்திப் பார்த்தாள். தளமும் குச்சியும் ஒரே மட்டம்.

சுடலைமுத்து உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். மூச்சைப் பிடித்து ஒரே எம்பு. உட்கார்ந்துவிட்டான். தொங்கிய கால்களைக் கையால் ஒவ்வொன்றாக இழுத்து மேலே போட்டுக்கொண்டு, கூடைகளுக்கு நடுவே நகர்ந்து முதுகைச் சாய்த்தான். உலகம்மை நாற்காலியை மடக்கி, பெஞ்சையும் ஏற்றிப் பின்கதவைச் சாத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே போய் ஸ்டியரிங்கைப் பிடித்தவளுக்கு, இரண்டு வருஷமாகக் கேட்காத சத்தம் பின்னாலிருந்து கேட்டது.

வண்டியின் பக்கத் தகரத்தில் படபடவென்று இரண்டு தட்டு.

"போலாம், ரைட்!"