மூன்று தட்டுப் பன்றிக்கறி

கடற்கரை லிமாவிலிருந்து மலையூரான ஒரோயாவுக்கு ஏறும் ரயிலில் ஒரு சட்டம் உண்டு. மலை உச்சியைத் தாண்டும்வரை யாருக்கும் தெளிந்த சூப்புக்கு மேல் எதுவும் பரிமாறக் கூடாது. வயிறு முட்டத் தின்றுவிட்டு அந்த உயரத்துக்குப் போனால் மலைமயக்கம் ஆளைப் புரட்டிப் போட்டுவிடும். உணவுப்பெட்டியின் சமையல்காரி எவுதோசியா இந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை. செனட்டர் ஒருத்தர் மேசையைத் தட்டி இறைச்சி கேட்டபோதுகூட, "உச்சி தாண்டட்டும் ஐயா, உங்க உசுருக்கு நான் பொறுப்பாக முடியாது" என்று சூப்பைத்தான் அனுப்பினாள்.

அப்படிப்பட்டவள்தான், தான் பெற்ற மகனுக்கு, மத்துகானா நிலையம் வருவதற்குள் மூன்று தட்டுப் பன்றிக்கறி போட்டாள்.

மகன் அபிலியோ ஐந்து வருடமாக லிமாவை ஒட்டிய கய்யாவோ துறைமுகத்தில் மீன்மாவு ஆலையில் கிடந்தவன். வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. இப்போது அவனுடைய அப்பா சத்துர்னினோ ஒரோயாவில் படுத்த படுக்கை. சுரங்கத் தூசி நெஞ்சை அடைத்துவிட்டது, இந்த வாரம் தாண்டாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். "எம் பையன் மொகத்த ஒருவாட்டி காட்டிடு, அப்புறம் நிம்மதியா போறேன்" என்று அந்த மனுஷர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தார். எவுதோசியா ஆலை வாசலுக்கே போய் மகனைக் கையோடு இழுத்து வந்து, தன் சமையல்கட்டில் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார வைத்திருந்தாள்.

"எலும்பும் தோலுமா இருக்க. சாப்பிடுறா."

"சூப்பு மட்டும்தானேம்மா குடுக்கணும்? சட்டம் இருக்குல்ல?"

"அது லிமாக்காரனுக்கு. நீ ஒரோயாவுல பொறந்தவன். மலைல பொறந்தவன மலை என்ன பண்ணிடும்?"

இதுதான் எங்கள் மலைக்காரர்களின் வீம்பு. மயக்கம் வருவதெல்லாம் கடற்கரைக்காரனுக்கும் வெள்ளைக்காரனுக்கும்தானாம். ஐந்து வருடம் கீழே உப்புக்காற்றைக் குடித்தவன் உடம்பு மலையை மறந்துபோயிருக்கும் என்று சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள். அபிலியோவும் அந்த ரத்தம்தானே, தட்டை வழித்து நக்கினான். அவன் தின்னத் தின்ன அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

சான் மத்தேயோ தாண்டியதும் அவன் பேச்சு நின்றது.

"அம்மா, நெஞ்சுல என்னமோ அழுத்துது."

"மூணு தட்டு தின்னா அழுத்தாதா? சும்மா இரு."

அந்த நேரம் பார்த்து லியோன்சியோ வந்தான். ஆக்சிஜன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெட்டி பெட்டியாகப் போய், மூச்சு முட்டுகிறவர்களுக்குக் குழாயை நீட்டுவது அவன் வேலை.

"அக்கா, பையன் ஒதடு ஒரு மாதிரியா இருக்கே. ரெண்டு இழுப்பு குடுக்கட்டா?"

"போ தம்பி. ஒரோயாக்காரன் பையில மூச்சு வாங்கினான்னு தெரிஞ்சா அவங்கப்பா சிரிச்சே செத்துருவாரு. மொத வகுப்புச் சீமாட்டிங்களுக்குக் கொண்டு போ."

லியோன்சியோ சிரித்துக்கொண்டே போனான். பையும் போனது.

கசபால்காவை விட்டு வண்டி கிளம்பியபோது அபிலியோ மூட்டையிலிருந்து சரிந்து விழுந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. வாயோரம் இளஞ்சிவப்பாக நுரை. எவுதோசியா கரண்டியைப் போட்டுவிட்டு லியோன்சியோவைத் தேடி ஓடினாள். அவன் வந்தான், தோளில் பை துவண்டு தொங்கியது.

"காலி அக்கா. மொத வகுப்புல மாத்தி மாத்தி வாங்கிட்டாங்க."

"கொஞ்சம்கூடவா இல்ல? பிழிஞ்சு பாருடா."

அவன் பிழிந்தும் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. அவள் தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். நான்தானே வேண்டாம் என்றேன், என் வாயில் மண்ணைப் போட என்று அழுதாள்.

"அழுது என்னாகப் போவுது அக்கா. உச்சி இனிமேத்தான் இருக்கு. அங்க போனா இவன் தாங்க மாட்டான். ஒடனே கீழ போகணும்."

"வண்டிய நிறுத்தச் சொல்லு."

"நிறுத்தி இந்தப் பாறையில எறக்கி என்ன பண்ணுவ? சின்ச்சான்ல எதிர்வண்டி நிக்கும் பாரு. அதுதான் வழி. அவங்க பை நெறஞ்சிருக்கும், எறங்குற வண்டியில யாரும் கேக்க மாட்டாங்க."

சின்ச்சானில்தான் ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் ஒன்றையொன்று கடக்கும். இரண்டு சமையல்கட்டும் எதிரெதிரே வருகிற மாதிரி ஓட்டுநர்கள் நிறுத்திக் கொடுப்பார்கள். எவுதோசியா ஜன்னல் வழியே மீன் கூடையும் எலுமிச்சையும் நீட்டுவாள். இறங்கும் வண்டியின் சமையல்காரி கசிமிரா பாலாடைக்கட்டியும் மலை உருளைக்கிழங்கும் நீட்டுவாள். இரண்டு வசவு பரிமாறிக்கொள்வதற்குள் ஊதல் கேட்டுவிடும்.

அன்றைக்கும் கசிமிரா ஜன்னலில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். "ஏண்டி, இன்னிக்காவது நாறாத மீனு கொண்டாந்தியா?"

"அக்கா, மீனு இல்ல. எம் புள்ள. புடிச்சுக்க."

கசிமிரா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாசல் வழியே தூக்கிச் சுமந்து, இறங்கி, ஏறுவதற்கெல்லாம் நேரமில்லை என்பது அவளுக்கும் தெரியும். லியோன்சியோ காலைத் தூக்க, எவுதோசியா அக்குளில் கை கொடுக்க, மீன் கூடை போகிற வழியே மகன் போனான். அந்தப் பக்கம் கசிமிரா அவனை மார்போடு வாங்கிக்கொண்டு, "பையக் கொண்டாங்கடா" என்று உள்ளே கத்தினாள்.

அபிலியோ பாதி நினைவில் தாயின் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, நீயும் வா."

அவளும் ஜன்னலைத் தாண்ட ஒரு காலை அங்கிருந்த மரப்பெட்டிமேல் தூக்கி வைத்துவிட்டாள். அப்போதுதான் மேலே ஒரோயாவில் கதவைப் பார்த்துக் கிடக்கிறவர் நினைவுக்கு வந்தார். ஒருத்தன் கீழே, ஒருத்தர் மேலே. இவள் ஒருத்தி, எந்தப் பக்கம் போவாள்? ஊதல் கேட்டது. மகனுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டாள்.

வண்டி உச்சியைத் தாண்டியது. சட்டப்படி இனி இறைச்சி பரிமாறலாம். மிச்சமிருந்த பன்றிக்கறியை அவளே வறுத்து அனுப்பினாள். வறுவல் பிரமாதம் என்று முதல் வகுப்பிலிருந்து யாரோ சொல்லியனுப்பினார்கள்.

ஒரோயாவில் இறங்கியதும் நிலைய அதிகாரி ஓடிவந்தார். "மத்துகானாவுலேர்ந்து தந்தி வந்திருக்கு. உம் பையன அங்க எறக்கிட்டாங்க, கண்ணத் தொறந்துட்டானாம். ஆனா இப்போதைக்கு மேல ஏத்தவே கூடாதுங்கிறாரு டாக்டர்."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

சத்துர்னினோ தலையணையில் நிமிர்ந்து சாய்ந்திருந்தார். அவளுக்குப் பின்னால் பார்த்தார்.

"எங்க அவன்?"

"நாளைக்கு வண்டியில வர்றான்."

"பாத்தியா? எப்படி இருக்கான்?"

"எலும்பும் தோலுமா இருக்கான்."

"சாப்பிட ஏதாவது குடுத்தியா?"

"நானே போட்டேன். மூணு தட்டு பன்னிக்கறி தின்னான்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"பின்ன? மலைல பொறந்தவன்டி. நாளைக்கு உச்சி தாண்டி வர்றப்ப அவனுக்கு என்ன ஆயிடும்?"

"ஒண்ணும் ஆகாது" என்று போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் சந்தோஷமாகக் கதவைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.