மயூரதனை எங்கே நிறுத்துவது

1.

இந்தக் கதை ஒரு கணினி நிரலில் பிறந்தது. சிரிக்காதீர்கள், எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

அரியாலையில் நிவேதனா என்றொருத்தி, குடும்பத்தில் இறந்தவர்களின் திவசத்தை நினைவூட்ட ஒரு செயலி எழுதினாள். அதில் ஒவ்வோர் ஆளும் ஒரு பொருள், நிரல் எழுதுகிறவர்கள் விவரங்களை இட்டுவைக்கும் பெட்டிக்குச் சொல்லும் பெயர். பொருளுக்குள் பெயர், பிறந்த நாள், இறந்த திகதி. திகதியைக் கொடுத்தால் செயலியே திதியைக் கணித்துக்கொள்ளும். பெயரால் அடுக்கலாம், பிறப்பால் அடுக்கலாம், திதியால் அடுக்கலாம்.

போரின் கடைசி மாதத்தில் காணாமல்போன அண்ணன் மயூரதனையும், வேறெங்கே சேர்ப்பதென்று தெரியாமல், அதிலேயே சேர்த்தாள். இறந்த திகதியை வெறுமையாக விட்டாள். திதியால் அடுக்கியபோது, வெறுமையை எதோடு ஒப்பிடுவதென்று தெரியாமல் நிரல் நின்றுபோனது. உடனே ஒரு விதி எழுதினாள்: திதி தெரியாவிட்டால் அமாவாசை. எங்கள் ஊரில் யாரும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

2.

(மழை பெய்துகொண்டிருந்த ஒரு – வேண்டாம். நல்ல வெயில்.)

தாய் உதயகலா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"உதென்ன பிள்ளை, கொண்ணாவை அமாவாசையிலை போட்டிருக்கிறாய்?"

"திதி தெரியாட்டி அப்பிடித்தானேம்மா."

"அது செத்த ஆக்களுக்கு. அவன் செத்தவனெண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

நிவேதனாவுக்கு முகம் சுண்டிவிட்டது. விதியை அழித்து, திகதி இல்லாதவர் கடைசியில் நிற்கட்டும் என்று மாற்றினாள்.

3.

பெயரால் அடுக்கினாள், சரி. பிறப்பால் அடுக்கினாள், சரி. திதியால் அடுக்கினாள். மயூரதன் கடைசிக்குப் போகவில்லை. செத்தவர்களுக்கு நடுவில், அட்டமிக்கும் தசமிக்கும் இடையில் நின்றான்.

அவனுடைய பொருளைத் திறந்து பார்த்தாள். இறந்த திகதி வெறுமையாக இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை என்றிருந்தது.

(இங்கே நான் எழுதுவதை நிறுத்தினேன். என் வரைவில் அந்த இடம் வெறுமையாகத்தான் இருந்தது. நிவேதனா தட்டவில்லை, அவளை எழுதுகிறவன் எனக்குத் தெரியாதா? நானும் தட்டவில்லை.)

4.

யாரோ விளையாட்டாக –

கணினிப் பிழை என்று முடி –

இல்லை. நிவேதனா திரையை மறைப்பதற்குள் தாய் வாசித்துவிட்டாள். கத்தப்போகிறாள் என்று நானும் பயந்தேன். உதயகலா கதிரையில் மெல்ல இருந்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அப்ப இண்டைக்கு இருக்கிறான்."

"அம்மா, உது பிழையம்மா."

"பிழையெண்டாலும் இருக்கட்டும். அழிச்சுப்போடாதை."

எழுந்து குசினிக்குப் போய், மகனுக்கும் சேர்த்து அரிசி களைந்தாள்.

5.

ஒரு முடிவில் நிவேதனா அந்தத் திகதியை அழித்தாள். மறுபடி அடுக்கியதும் அது திரும்பி வந்தது, வியாழக்கிழமையாக. அந்த வரைவை எறிந்துவிட்டேன்.

இன்னொரு முடிவில் அழிக்காமல் காத்திருந்தார்கள். சனிக்கிழமையை எழுத என்னால் முடியவில்லை.

ஆகவே இத்தோடு விடுகிறேன். நான் எழுதாதவரை அவர்களுக்கு வெள்ளி வராது. உதயகலா சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் நீங்கள் இதை எந்தக் கிழமையில் வாசிக்கிறீர்கள் என்பது என் கையில் இல்லையே.