கோட்டு போட்ட அப்பா

என் கணவர் உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் கோட்டு போட்டதில்லை. செத்து ஆறு வருடம் கழித்துப் போட்டுவிட்டார்கள்.

சந்தைக் கட்டடத்தில் குண்டு வெடித்துப் பதினொரு பேர் போனார்கள். எதற்காக வைத்தோம் என்று வைத்தவர்கள் அறிக்கைகூட விட்டார்கள். படித்தும் எனக்குப் புரியவில்லை. இவர் குழாய் ரிப்பேர்க்காரர். சந்தைக் கழிப்பறையில் தண்ணீர் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள், போனார். ஒவ்வொரு வருடமும் அதே நாளில் வியாபாரிகள் சங்கம் தன் கூடத்தில் அஞ்சலி நடத்தும். மற்ற வருடங்களில் ஒரு மெழுகுவர்த்தி, ஒரு பேச்சு, ஒரு டீயோடு முடிந்துவிடும். இந்த வருடம் சுவர் முழுக்க ஆளுயரப் படங்களை ஒட்டியிருந்தார்கள்.

ஆண்கள் எல்லோருக்கும் ஒரே கறுப்புக் கோட்டு, ஒரே நீல டை. பெண்களுக்கு ஒரே முத்துமாலை. முகத்தை மட்டும் கொண்டுபோய் மேலே உட்கார வைத்திருந்தார்கள். நான் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். ஊரார் கோட்டெல்லாம் என் கையில்தான் புரளும். இந்தக் கோட்டின் தோள் அவர் தோளில் பாதிகூட வராது. போதாததற்கு வாயை வேறு மூடிவிட்டிருந்தார்கள். முன்பல் ஒன்று இல்லையே என்று கொஞ்சமும் கவலைப்படாமல் ஈயென்று இளிக்கிற மனிதர், சுவரில் ஹெட்மாஸ்டர் மாதிரி முறைத்துக்கொண்டு நின்றார்.

என் மகளுக்கு ஏழு வயது. பட்டப்பெயர் வாலு. அப்பா போனபோது ஒரு வயதைத் தாண்டியிருந்தாள். அந்தப் படத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு, "அம்மா, இதுல அப்பா எங்க?" என்றாள். 

வீட்டில் இருந்த படத்தில் தினமும் அவரைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அப்பா தோளில் உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து இருந்த ஒரே படம் அதுதான். மற்றதெல்லாம் அவருடைய போனில் இருந்தது, போன் அவர் சட்டைப்பையில் இருந்தது. மூன்று மாதம் முன்பு சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்து, "ஒரே வாரம்மா, பத்திரமா திருப்பித் தந்துடறேன்" என்று ஃப்ரேமோடு வாங்கிப் போனார். அப்புறம் அவரைக் கேட்டால் ஸ்டூடியோவில் இருக்கிறது என்பார். ஸ்டூடியோக்காரரைக் கேட்டால் செயலாளரிடம் இருக்கிறது என்பார். இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைப் பந்தாடினார்கள். இன்றைக்கு இருவரும் ஒரே இடத்தில் மாட்டுவார்கள் என்றுதான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தேன். அஞ்சலிக்காக வரவில்லை. அதை நான் வீட்டிலேயே செய்துகொள்வேன்.

செயலாளரைப் பிடித்துவிட்டேன். அவர் வாசலைப் பார்த்தபடியே பேசினார்.

"சீஃப் கெஸ்ட் வந்துட்டே இருக்காரும்மா. போய் உட்காருங்க."

"எங்க படம் எங்க சார்?"

"அதான் எவ்வளவு பெருசா ஒட்டியிருக்கோம்."

"நான் கொடுத்ததைக் கேக்கறேன். இதுல இருக்கறது யாருன்னு என் பொண்ணுக்கே தெரியல."

"எல்லாரும் ஒரே மாதிரி இருந்தாதாம்மா மரியாதை. ஒருத்தர் பனியன், ஒருத்தர் அழுக்குச் சட்டைன்னு நின்னா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"வேலைக்குப் போன இடத்துல செத்தாங்கன்னு நினைப்பாங்க."

கொழுந்தன் என் கையைப் பிடித்து இழுத்தார். சந்தையில் செருப்புக் கடை வைத்திருக்கிறார்; செயலாளரைக் கண்டாலே அவருக்குக் குரல் இறங்கிவிடும். "விடுங்க அண்ணி. நாலு பேர் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பாக்கத்தானே வந்திருக்காங்க."

என்னை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். வாயை அடைக்க அதுதான் வசதி. சீஃப் கெஸ்ட் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். இரண்டு நிமிட மௌனம் என்றார்கள். பாதியிலேயே அவர் தொண்டையைச் செருமியதால் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம் மைக்கைப் பிடித்தவர் சுவரைக் காட்டி, "எவ்வளவு கண்ணியமா நிக்கறாங்க பாருங்க" என்றார். கைதட்டினார்கள். செத்தவர்களுக்குக் கைதட்டும் ஊரில் நான் யாரிடம் போய் நியாயம் கேட்பது? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாலு மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சீஃப் கெஸ்ட்டின் கார் கிளம்பியதுதான் தாமதம், டீ குடித்துக்கொண்டிருந்த ஸ்டூடியோக்காரரைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்ச் செயலாளர் முன்னால் நிறுத்தினேன்.

"இப்ப ரெண்டு பேரும் இருக்கீங்க. யார்கிட்ட இருக்குன்னு சொல்லுங்க."

ஸ்டூடியோக்காரர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் ஜன்னலைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூடியோக்காரர் சொன்னார்: "அந்தப் படம் ஃப்ரேம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சும்மா. ஈரம் பட்டிருக்கும்போல. பிரிச்சேன், கிழிஞ்சுபோச்சு. முகம் மட்டும்தான் முழுசா வந்துச்சு."

"குழந்தை?"

"கண்ணாடியிலேயே உரிஞ்சுபோச்சும்மா. எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இழுத்தடிச்சேன்."

கண்ணாடியோடு அப்படியே படம் எடுத்திருந்தால் பத்துக் காசு செலவில்லாமல் வேலை முடிந்திருக்கும். ஆளுக்குக் கோட்டு மாட்டத் தெரிந்தவருக்கு இது தெரியவில்லை. அவரை அறைய வேண்டும் போல் இருந்தது. அழுகை வந்துவிடுமோ என்ற பயத்தில் சத்தம் போட்டேன். எனக்கு எப்போதும் அப்படித்தான். என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை. நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். இந்தப் படம் என் கண்ணில் படக் கூடாது, உடனே எடுங்கள் என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

செயலாளர் இறங்கி வந்தார். "சரிம்மா. தப்புதான். எடுத்துடலாம். வேற படம் கொடுங்க, கோட்டு இல்லாம, நீங்க சொல்ற மாதிரியே அடிச்சு ஒட்டிடறோம்."

இருந்தது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அது போதும் என்றேன். ஸ்டூடியோக்காரர் ஏணியைப் போட்டு ஏறினார். மேல் மூலையில் நகத்தைக் கொடுத்துப் பிரிக்க ஆரம்பித்தவர், படத்தின் தலைமுடியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இங்க என்னமோ கறை மாதிரி இருக்கு. அழிக்காம விட்டுட்டேன்போல" என்றார்.

அண்ணாந்து பார்த்தேன். நெற்றிக்கு மேலே, முடிக்குள்ளே, வெளுப்பாக நாலு கோடு. கீழே இருந்து பார்த்தால் நரை என்றுதான் தோன்றும். ஆனால் நாலும் மடங்கியிருந்தன. முனையில் நகம் இருந்தது.

"கையை எடுங்க" என்றேன்.

"என்னம்மா?"

"தொடாதீங்க. இறங்குங்க."

செயலாளருக்குப் பொறுமை போய்விட்டது. "காலையிலேர்ந்து ஊரையே ரெண்டாக்கிட்டு இப்ப வேண்டாங்கறீங்களே. உங்களுக்கு என்னதான் வேணும்?"

அதே படத்தைக் கோட்டு இல்லாமல், வாயைத் திறந்து, விரலை மட்டும் விட்டுவைத்து அடித்துத் தர முடியுமா என்று ஸ்டூடியோக்காரரைக் கேட்டேன். அவர் ஏணியிலிருந்து இறங்கித் தலையைச் சொறிந்தார். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டாராம். சுவரில் இருப்பதுதான் மிச்சம்.

"அப்ப கோட்டு இருக்கட்டும்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

கொழுந்தன் வாலுவைத் தூக்கி ஏணியில் நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டார். அவள் விரல்களைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. தன் கையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

"இது அப்பாதான்" என்றாள். அந்த விரல்களைத் தொட்டுக்கொண்டே, "முடியை இப்படிப் புடிச்சு இழுத்திருக்கேனே. அப்பாவுக்கு வலிச்சுதா?"

ஆறு வருடமாக இந்தக் கேள்வியை நான் டாக்டரிடம் கேட்கவில்லை. போலீஸிடம் கேட்கவில்லை. யாரும் பதில் சொல்லிவிடக் கூடாதே என்று காதைப் பொத்திக்கொண்டு வாழ்ந்தவள் நான்.

"வலிக்கலடி. சிரிச்சுக்கிட்டேதான் இருந்தாரு."

அவள் மறுபடியும் படத்தைப் பார்த்தாள். மூடியிருந்த அந்த வாயைத் தடவினாள்.

"சிரிக்கலையேம்மா" என்றாள்.

நான் ஸ்டூடியோக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அந்த வாயை மூடியவர் அவர்தான்.