முதல் படகின் எடை

முதல் படகு குகையைச் சுற்றிவிட்டு படகேறும் மேடைக்குத் திரும்பியபோது புதுத் திரையில் எழுபத்தொரு கிலோ என்று இருந்தது. படகில் யாரும் இல்லை. ஈரம் படிந்த மரப்பலகை வெறுமையாகக் கிடந்தது. படகுகளை இயக்கும் சயந்தினி திரையைப் பார்த்தாள், படகைப் பார்த்தாள், கையுறையைக் கழற்றிக் கண்ணாடியை விரலால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். எண் அப்படியே நின்றது.

“அக்கா, உள்ள ஏதாவது வச்சு அனுப்புனீங்களா? மணல் மூட்டை, டூல் பாக்ஸ், அந்த மாதிரி?” என்று கேட்டாள் பூர்ணா.

“இல்ல பிள்ள. வெறும் படகுதான் போனது.”

“அப்ப ஸென்சார் இன்னும் தூங்குது. நேத்து நைட் சரியா சாப்பிடல போல.” பூர்ணா சிரித்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தாள். கோயம்புத்தூர்ப் பெண். டென்மார்க்கின் ஒடென்சேயில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் வேலை. கேளிக்கைப் பூங்காவின் படகுச் சவாரியைப் புதுப்பிக்கும் பொறுப்பு அவளுடையது. இந்த வாரம் முழுக்க விடுதியில் தங்கி, காலையில் சயந்தினிக்கு முன்பே மேடைக்கு வந்துவிடுவாள். இருவரும் தமிழ் பேசுவதைக் கேட்டு மற்ற ஊழியர்கள் தலையாட்டிச் சிரித்துவிட்டுப் போவார்கள். கோவைத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் நடுவே ஒருத்தியின் பாதிச் சொற்கள் மற்றவளுக்குப் புரியாது என்பது அவர்களுக்குத் தெரியாது.

சவாரியின் பெயர் ‘தூங்கும் ஊர்’. இக்காஸ்டுக்கு வெளியே பைன் காட்டுக்குள் இருந்த அந்தப் பழைய பூங்காவில் அதைவிடப் பழையது வேறொன்றும் இல்லை. இருட்டுக் குகைக்குள் ஒரு கால்வாய். தண்ணீருக்கு அடியில் ஓடும் சங்கிலி படகுகளை மெதுவாக இழுத்துப் போகும். இரண்டு கரையிலும் ஆளுயர மரப்பொம்மைகள்: ரொட்டிக்காரர், செருப்புத் தைப்பவர், தபால்காரி, ஜன்னலோரம் பிள்ளைகள். எல்லோரும் கண் மூடி உறங்குவார்கள். படகு அருகே வந்ததும் ‘டக்’ என்று இமைகள் திறக்கும். பார்ப்பார்கள். படகு கடந்ததும் மூடிக்கொள்வார்கள். வேறொன்றும் இல்லை. இசை இல்லை, எலும்புக்கூடு இல்லை. அந்தப் பார்வைக்காகவே மூன்று தலைமுறை டேனிஷ் குழந்தைகள் அழுதுகொண்டே உள்ளே போய், வெளியே வந்ததும் இன்னொரு முறை போக வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறார்கள்.

இந்த வருஷம் அதற்கு ஒரு கெடு வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பாதுகாப்புப் பரிசோதகர் வருவார். படகின் பாரத்தை அளக்கும் புதிய முறை சரியாக வேலை செய்தால் தூங்கும் ஊர் இருக்கும். இல்லாவிட்டால் பொம்மைகள் கிட்டங்கிக்குப் போகும். கால்வாயை மூடி, கண்ணில் மாட்டிப் பார்க்கும் கருவிகளோடு ஒரு மண்டபம் வரும். பூங்கா நிர்வாகி கிர்ஸ்டன்தான் நிர்வாகக் குழுவோடு சண்டை பிடித்து இந்த ஒரு வாய்ப்பை வாங்கியிருந்தாள். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று பூங்கா மூடியிருந்த மாரிக் குளிர்காலம் முழுக்க விவாதம் நடந்தது. காற்றோட்டம் போட்டதும் குகையின் ஈர மர வாசம் போய்விட்டது என்று, அதே வாசத்தை ஊதுகிற ஒரு இயந்திரத்தை வாங்கினார்கள். பொம்மைகளின் கண்களுக்குள் சின்ன மோட்டார் வந்தது. இருக்கையின் எந்தப் பக்கம் பாரம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பார்க்கும்.

தொடக்கூடாதவற்றில் முதலாவது, முதல் படகு. பூங்கா தொடங்கிய காலத்திலிருந்தே நாளின் முதல் படகு காலியாகப் போக வேண்டும். அது நிஸ்ஸைக்கு. சிவப்புத் தொப்பியும் தாடியுமாக வீட்டையும் தொழுவத்தையும் காக்கிற குள்ளன். டேனிஷ்காரர்கள் கிறிஸ்மஸுக்குக் கஞ்சி வைப்பது அவனுக்குத்தான். முதல் படகில் அவன் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டால் அன்றைக்கு ஒருவருக்கும் ஒன்றும் ஆகாதாம். பூர்ணா அதையே தன் முறைக்குப் பயன்படுத்திக்கொண்டாள். எப்படியும் காலியாகப் போகிற படகு. அது சுழியம் காட்டினால் அன்றைய சவாரி திறக்கும், காட்டாவிட்டால் பூட்டிக்கொள்ளும்.

“பழைய சடங்கையே புது டெஸ்டா மாத்திட்டேன் பாருங்க,” என்று பெருமைப்பட்டிருந்தாள்.

மறுநாளும் எழுபத்தொன்று. அதற்கடுத்த நாள் வேறு படகை முன்னால் விட்டார்கள். எழுபத்தொன்று. நேற்று முதலில் போன படகை இரண்டாவதாக அனுப்பினார்கள். சுழியம்.

மரம் தண்ணீர் குடித்திருக்கும், சங்கிலி இழுக்கும், குளிருக்குக் கம்பி சுருங்கும் என்று பூர்ணா ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். மத்தியானம் சிற்றுண்டிச் சாலையில் கறுப்பு ரொட்டியைப் பிய்த்தபடி, “எனக்குப் பேய் நம்பிக்கையெல்லாம் கிடையாதுக்கா. ஆனா கெட்டுப்போன ஸென்சார் இவ்வளவு ஒழுங்கா இருக்காது,” என்றாள்.

சயந்தினி தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த எண்ணை முதல் நாளே தெரியும். குளியலறைத் தராசில் எத்தனையோ வருஷம் பார்த்த எண். எழுபதுக்கு வர வேண்டும் என்று அந்த ஒரு கிலோவுக்காக இரவுச் சோற்றை விட்டுவிட்டு, பத்து மணிக்கு இரகசியமாக முறுக்கு டப்பாவைத் திறந்த மனிதருடைய எண்.

அவள் கணவர் கிறிஸ்துநாயகம் இந்தச் சவாரியின் மெக்கானிக்காக இருந்தார். பெயர் நாக்கில் வராத டேனிஷ்காரர்களுக்குக் ‘கிறிஸ்’. மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவருக்குப் படகு என்றால் ஏறாமல் இருக்க முடியாது. காலையில் யாரும் வருவதற்கு முன் முதல் படகில் சாய்ந்து படுத்துக்கொள்வார். சங்கிலியின் சத்தத்தை உள்ளேயிருந்து கேட்டால்தான் எங்கே தேய்கிறது என்று தெரியும் என்பது அவர் சாட்டு. “நிஸ்ஸ தனியப் போகப் பயப்பிடுதாம் கா. துணைக்குப் போய்ட்டு வாறன்,” என்பார். மேடையில் பொத்தானோடு நிற்கும் சயந்தினி, “போய்ட்டு வாங்க,” என்பாள். மறுபக்கம் வெளியே வரும்போது ஏதாவது ஒரு கதை இருக்கும். “நிஸ்ஸ சொல்லுது, உன்ட ஆள் நல்ல ஆளாம். தேத்தண்ணில சீனியைக் கொஞ்சம் கூடப் போடட்டாம்.”

போன மாரிக்கு முந்தின மாரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தபடியே போய்விட்டார். இக்காஸ்டில் கல்லறை இருக்கிறது. மகள் மரினா ஆர்ஹூஸிலிருந்து வரும்போதெல்லாம் இருவரும் போய்ப் பூ வைப்பார்கள். ஆனால் புல்லைக்கூடச் சீவி வைத்திருக்கும் அவ்வளவு ஒழுங்கான இடத்தில் அவரால் இருக்க முடியும் என்று சயந்தினிக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அடுத்த பருவத்தில் வேலைக்குத் திரும்பிய முதல் காலையில், காலிப் படகைப் பார்த்து வாய் தன்பாட்டில், “போய்ட்டு வாங்க,” என்றது. படகு ஒருமுறை மெல்ல ஆடிவிட்டுப் போனது. தண்ணீர் ஆடும், படகும் ஆடும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு காலையும் அவள் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

வியாழக்கிழமை கிர்ஸ்டன் மேடைக்கு வந்தாள். எழுபத்தொன்றைப் பார்த்தாள். “சயந்தினி, நாளைக்குப் பரிசோதகர் வந்து இதைப் பார்த்தால் முடிந்தது. என்னால் இன்னொரு தடவை குழுவிடம் கெஞ்ச முடியாது,” என்று டேனிஷில் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவளும் சின்ன வயதில் இதே படகில் அழுதவள்தான்.

பூர்ணாவிடம் ஒரு வழி இருந்தது. முதல் சுற்றுக்கு மட்டும் எழுபத்தொன்றைக் கழித்துவிடும்படி இயந்திரத்துக்குச் சொல்லலாம். ஆனால் அதற்கு மேடையில் நிற்பவரின் ஒப்புதல் வேண்டும். முதல் படகு திரும்பி வந்து இன்னும் பாரத்தோடு நின்றுகொண்டிருந்தது. திரையில் ஒரு கேள்வி எழுந்தது.

“படகு காலியா, உள்ள யாரும் இல்லையேன்னு கேக்குதுக்கா. நீங்கதான் சொல்லணும்.”

சயந்தினி இருக்கையைப் பார்த்தாள். பொம்மைகளைக் கிட்டங்கிக்கு ஏற்றிவிட்டால், கால்வாயை மூடிவிட்டால், அவர் எங்கே போவார்? இது நிலைத்தால்தான் அவருக்கும் ஒரு இடம். அதற்காகத்தானே.

“ஒருத்தரும் இல்ல,” என்றாள். பொத்தானை அழுத்தினாள்.

எண் சுழியமானது. விளக்கு பச்சையானது. கிர்ஸ்டன் அவளைக் கட்டிப்பிடித்தாள். அந்தத் தோளுக்கு மேலாகப் பார்த்தபோது, காற்றே இல்லாதபோதும் தண்ணீரில் படகு ஒருமுறை ஆடி நின்றது.

அன்று மாலை சமையலறையில் பருப்புக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. கை அப்படியே நின்றுவிட்டது. டேனிஷில் சொல்லியிருக்கலாம். கிறிஸ்துநாயகத்துக்கு டேனிஷ் மழைக்கோட்டு மாதிரி. வாசலில் கழற்றி மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். நகரசபையில், வேலையில், வைத்தியரிடம் எல்லாம், “நல்லது, பிரச்சினை இல்லை,” என்று டேனிஷில் சொல்லிவிட்டு, வெளியே வந்ததும் தமிழில் உண்மையைச் சொல்வார். “அதில சொல்றது அவங்களுக்கு. இதில சொல்றதுதான் நமக்கு கா,” என்பார். பூர்ணா தமிழில் கேட்டாள், அவள் தமிழில் சொல்லிவிட்டாள். அவர் முன்னாலேயே.

மரினாவை அழைத்தாள். வழக்கம்போல மகள் டேனிஷில் பதில் சொன்னாள்.

“நாளைக்கு எல்லாம் சரியாக நடக்கும், அம்மா. நடக்காவிட்டாலும் பரவாயில்லை. உடைத்தால் உடைக்கட்டும். நீ அந்தக் குகையைவிட்டு வெளியே வர வேண்டும்.”

“நான் வெளியதான் நிக்கிறன் மகள்,” என்றாள் சயந்தினி.

வெள்ளிக்கிழமை காலையில் பனிமூட்டம் பைன் மரங்களின் இடுப்புவரை நின்றது. பரிசோதகர் உயரமான, அமைதியான மனிதர்; காப்பிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்றார். சயந்தினி காலிப் படகுக்குப் பக்கத்தில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “போய்ட்டு வாங்க,” என்றாள். கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு இன்னொரு முறை சொன்னாள். படகு ஆடவில்லை. பொத்தானை அழுத்தினாள். அது தக்கையைப் போலத் தண்ணீரின் மேல் உயர்ந்து மிதந்து இருட்டுக்குள் போனது. உள்ளேயிருந்து ஒரு இமை திறக்கும் சத்தம்கூட வரவில்லை.

திரும்பி வந்தபோது திரை சிவந்திருந்தது. எழுபத்தொன்று. அதன் முன்னால் ஒரு கழித்தல் கோடு.

“மைனஸா?” பூர்ணா திரைக்கு அருகே குனிந்தாள். “அக்கா, அப்படின்னா... தினமும் இருந்தது இன்னைக்கு இல்லை.”

பரிசோதகர் கோப்பையைக் கீழே வைத்தார். கிர்ஸ்டன் யாரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள். சயந்தினியின் மனதில் சவாரியும் இல்லை, வேலையும் இல்லை. ஒருத்தரும் இல்லை என்று நான் சொன்னேன், அவர் சரி என்று எழும்பிப் போய்விட்டார். வாழ்ந்த காலத்தில் ஒருமுறைகூட அவள் சொல்லைத் தட்டாத மனிதர், இப்போது மட்டும் தட்டுவாரா?

“நான் ஒருக்கா உள்ள போய்ப் பாத்துட்டு வாறன்,” என்று படகில் இறங்கி இடப்பக்கமாக உட்கார்ந்தாள். வலப்பக்கத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

“அக்கா, சேஃப்டி பார் லாக் ஆகல! அக்கா!”

அவளே கையை நீட்டி மேடையோரத்துப் பொத்தானை அழுத்தினாள். பழைய, கையால் இயக்கும் பொத்தான். அதை மட்டும் யாரும் மாற்றியிருக்கவில்லை. சங்கிலி இழுத்தது. வெளிச்சம் பின்னால் சுருங்கி, ஒரு நாணயம் அளவாகி, வளைவில் மறைந்தது. வாச இயந்திரம் ஈர மரத்தை ஊதியது. முன்னால், ‘டக்’. ரொட்டிக்காரர் கண் திறந்து அவளைப் பார்த்தார். ‘டக்’. செருப்புத் தைப்பவர் அவளைப் பார்த்தார். ஜன்னலோரப் பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். எல்லாக் கண்களும் இடப்பக்கம் திரும்பி, அவள் ஒருத்தியையே பார்த்தன.

“இஞ்ச பாருங்க,” என்றாள் இருட்டைப் பார்த்து. குரல் கால்வாய் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. “அது மிஷினுக்குச் சொன்னது. உங்களுக்கு இல்ல. இந்த இடத்தை உடைக்கப் போறாங்க எண்டுதான் சொன்னன். எனக்கு வேற என்ன தெரியும்? நீங்கதான் இப்பிடியான நேரம் யோசிச்சுச் சொல்ற ஆள்.”

தண்ணீர் மட்டும் பலகையில் தட்டியது. செருப்புத் தைப்பவர் பின்னால் கண் மூடிக்கொண்டார். அவள் அழவில்லை. ஆனால் மூச்சு ஆவியாக வெளியே வருவதைப் பார்த்தாள். இவ்வளவு குளிர் உள்ளே ஒருநாளும் இருந்ததில்லை.

“கோவமெண்டா கோவம் எண்டு சொல்லுங்க. தனியப் போகாதீங்க.”

படகு வலப்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. யாரோ கரையிலிருந்து காலை வைத்து, பழகிய ஆளைப்போல அதிகம் ஆட்டாமல் இறங்குகிற மாதிரி. பலகை ஒருமுறை முனகியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

இடுப்பில் செருகியிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது. “அக்கா, கேக்குதா? நம்பர் திடீர்னு ஏறுது. சிவப்புப் போயிடுச்சு. அக்கா, படகுல நீங்க மட்டும்தானே? வேற யாரும் இல்லையே?” என்றது பூர்ணாவின் குரல். “அக்கா, சொல்லுங்க.”

சயந்தினி அதை எடுத்து ஒலியைக் குறைத்தாள்.

முன்னால் தபால்காரியின் இமைகள் ‘டக்’ என்று திறந்தன. மரக் கண்கள் ஒரு கணம் அவள் மேல் நின்றன. பிறகு மெதுவாக, மோட்டார் சத்தம்கூட இல்லாமல், அவளைத் தாண்டி அவளுக்குப் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்து, அங்கேயே நின்றன.